குட்டைக்கு ஏரேட்டர் வாங்குமுன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைச் சேர்ப்பது, அதில் மீன்குஞ்சு விடுவது, அந்தத் தண்ணீரையே வயலுக்கும் தோப்புக்கும் பாய்ச்சுவது என்று நம் உழவர்கள் பலர் இப்போது இறங்கிவிட்டார்கள். மீன் கழிவு கலந்த தண்ணீர் பயிருக்கு நல்லது, வீட்டுக்கு மீனும் ஆச்சு, கையில் காசும் ஆச்சு. நல்ல விஷயம்தான். இதோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. "சார், குட்டைக்கு ஏரேட்டர் போடலாமா? போட்டா எது போடலாம்?" கூட்டங்களில் டீ குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்.

நான் மீன்வளம் படித்தவன் இல்லை. வங்கியில் 32 வருடம் கடன் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டுக்கோட்டைப் பக்கம் நெல், தென்னை, ஒரு குட்டை என்று எட்டு வருடமாக இயற்கை விவசாயம் செய்கிறேன். அதனால் விற்பவர் பக்கம் நின்று பேசாமல், வாங்கிப் பணம் கட்டுகிறவர் பக்கம் நின்று இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரேட்டர் நமக்கு வேண்டியிருப்பது விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு. அந்த நேரத்தில் ஓடாத இயந்திரம் எவ்வளவு உயரம் தண்ணீர் பீச்சி அடித்தாலும் மீனுக்குப் பயனில்லை.

ஃபவுண்டன் இருந்தும் மீன் செத்தது

போன கார்த்திகையில் பக்கத்து ஊர் நண்பர் ஒருவரின் 25 சென்ட் குட்டையில் ஒரே விடியலில் முக்கால்வாசி மீன் மிதந்துவிட்டது. கட்லாவும் ரோகுவும் முக்கால் கிலோ எடைக்கு வந்திருந்த நேரம். பொங்கலுக்கு முன்னால் பிடித்து விற்று, வீட்டம்மாவின் ஆறு பவுன் நகையை அடகிலிருந்து மீட்பதாக இருந்தார்.

அவர் குட்டையில் ஃபவுண்டன் இருந்தது. சூரிய மின்தகட்டில் ஓடுவது. ஒரு வியாபாரி வந்து, "இதைப் போட்டா ரெண்டு மடங்கு மீன் விடலாம், கரண்டு பில்லும் கிடையாது" என்று சொல்லி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இவரும் நம்பி இரண்டு மடங்கு குஞ்சு விட்டிருக்கிறார்.

"பகல்லாம் நல்லாத்தான் சார் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது இருக்கும்போது எப்படி சார் காத்து இல்லாமப் போகும்?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். மூன்று நாள் வானம் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம், "மீன் வளரட்டும்" என்று நாலு கூடை பச்சைச் சாணத்தைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். நான்காம் நாள் விடியலில் மீன் போய்விட்டது. வெயில் இல்லாததால் அந்த மூன்று நாளும் ஃபவுண்டனும் சரியாக ஓடவில்லை, குட்டையில் உள்ள நுண்பாசியும் ஆக்சிஜன் தரவில்லை. எந்த நாளில் உதவி தேவையோ அதே நாளில் இயந்திரமும் படுத்துவிட்டது. மின்கலம் இல்லாத சூரிய ஏரேட்டரின் அடிப்படைச் சிக்கல் இதுதான்.

குட்டையின் வரவு செலவு

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீன் சுவாசிக்கிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் அளவு குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிடித்து வைக்கும். நம் ஊரில் குட்டைத் தண்ணீர் சாதாரணமாக இருக்கும் 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். கெண்டை இன மீன்களுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் திணறும், தீவனம் எடுக்காது. 1-க்குக் கீழே சில மணி நேரம் நின்றால் சாகும்.

இந்த ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் காற்றிலிருந்து. பெரும்பகுதி, தண்ணீரைப் பச்சையாகக் காட்டும் நுண்பாசி பகல் வெயிலில் தயாரிப்பது. சூரியன் அடைந்ததும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் விடிய விடிய ஓடும். பகலில் ஆக்சிஜன் தந்த அதே பாசி இரவில் ஆக்சிஜனைத் தின்னும். மீன் தின்னும். அடிச்சேற்றில் அழுகும் சாணமும் இலையும் மிச்சத் தீவனமும் தின்னும். சூரியன் உதிக்கும் முன்புதான் கணக்கில் இருப்பு ஆகக் குறைவாக இருக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு. 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்ட குட்டை ஏறக்குறைய 22 சென்ட். கரைச் சரிவு போக அதில் 10 லட்சம் லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாயங்காலம் லிட்டருக்கு 7 மில்லிகிராம் என்றால் மொத்தக் கையிருப்பு 7 கிலோ ஆக்சிஜன். 3 மில்லிகிராமுக்குக் கீழே விடக்கூடாது என்பதால் 3 கிலோவைத் தொடக்கூடாது. ஆக, இரவு முழுக்கச் செலவழிக்க நம்மிடம் இருப்பது 4 கிலோதான்.

அதில் 350 கிலோ மீன் இருந்தால் இரவு 12 மணி நேரத்தில் அவை சுவாசிப்பது ஏறக்குறைய ஒரு கிலோ. மீதியைப் பாசியும் சேறும் பிரித்துக்கொள்கின்றன. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மீனைவிட நாம் குட்டையில் கொட்டுவதுதான் அதிகம் தின்கிறது. ஒரு கிலோ தீவனம் போட்டால், மீன் அதைச் செரித்து வாழவும், மிச்சமும் எச்சமும் மட்கவும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜன் செலவாகும். 350 கிலோ மீனுக்கு உடல் எடையில் 2 சதவீதம் என்று தீவனம் போட்டால் நாளைக்கு 7 கிலோ. சாயங்கால இருப்பு எவ்வளவோ அவ்வளவு.

இயற்கை விவசாயிகளான நாம் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாணம், ஜீவாமிர்தம், அமுதக்கரைசல், பஞ்சகவ்யம் எல்லாம் நல்லவைதான். ஆனால் தண்ணீரில் விழுந்தால் எதுவும் மட்கும், மட்கும்போது ஆக்சிஜனைத் தின்னும். நஞ்சில்லாத பொருள் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று கிடையாது. வாரம் ஒருமுறை கூடை கூடையாகக் கொட்டுவதைவிட, நன்கு மக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக, வெயில் ஏறிய காலை நேரத்தில் போடுவது பாதுகாப்பு. மூட்டமான நாளில் சாணமும் வேண்டாம், தீவனமும் வேண்டாம்.

உங்கள் குட்டைக்குத் தேவையா?

கட்லா, ரோகு, மிர்கால் கலந்து விடும் கூட்டு மீன் வளர்ப்பில் எக்டேருக்கு 5,000 குஞ்சு என்பது பழைய, சோதித்துப் பார்த்த அளவு. 22 சென்ட் குட்டைக்கு 450 குஞ்சு வரும். இந்த அளவோடு நின்று, சாணத்தையும் தீவனத்தையும் அளந்து போட்டால் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஏரேட்டர் தேவையே இல்லை.

தேவையா இல்லையா என்று தெரிந்துகொள்ளச் சில சோதனைகள்.

ஒன்று, வெள்ளைத் தட்டு. ஒரு சாண் அகல வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி, கல் வைத்துத் தண்ணீரில் இறக்குங்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்து பாருங்கள். 25 முதல் 40 சென்டிமீட்டர் நல்லது. 20-க்குள் மறைந்தால் பாசி அளவுக்கு மீறிவிட்டது. பகலில் ஆக்சிஜன் ஏராளமாக இருக்கும், விடியலில் திண்டாட்டம்.

இரண்டு, விடியற்காலை ஐந்து மணிக்குக் குட்டைக்குப் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? கை தட்டினால் உள்ளே போய்விட்டால் ஆரம்ப நிலை. தட்டியும் போகாவிட்டால் ஆபத்து. நத்தைகள் கரையேறி ஒட்டிக்கொண்டிருப்பதும் ஒரு அடையாளம்.

மூன்று, கரைந்த ஆக்சிஜன் அளக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி. நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மீட்டர் வைத்திருப்பவர்கள் அதிலேயே பார்க்கலாம். சாயங்காலம் ஒருமுறை, விடியலில் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள்.

மீன் செத்திருந்தால் எந்த மீன் முதலில் செத்தது என்றும் பாருங்கள். ஆக்சிஜன் குறைவில் பெரிய மீன்தான் முதலில் போகும். சிறிசும் பெரிசும் ஒன்றாக, பகல் நேரத்தில் செத்தால் பூச்சிக்கொல்லி ஏதும் பக்கத்து வயலிலிருந்து வடிந்ததா என்று விசாரியுங்கள். அதற்கு ஏரேட்டர் மருந்தாகாது.

இயந்திரம் இல்லாமலும் வழிகள் உண்டு. போர்வெல் தண்ணீரைக் குழாயோடு குட்டைக்குள் விடாமல், ஓட்டை போட்ட தகரத்தின் மேலோ படிக்கட்டு மாதிரி அடுக்கிய கல்லின் மேலோ சிதறி விழ விடுங்கள். நிலத்தடி நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் மிகக் குறைவு. சிதறி விழுந்தால்தான் அது காற்றைப் பிடித்துக்கொள்ளும். வாத்து விட்டால் நாள் முழுக்கத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் எச்சத்தையும் உரக் கணக்கில் சேர்த்துச் சாணத்தைக் குறைக்க வேண்டும். ஆகாயத்தாமரை மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள். காற்று வரும் திசையில் கரையை அடைத்து நிற்கும் புதரைக் கழித்துவிடுங்கள். மின்சார வசதியே இல்லாத குட்டைக்கு விரால் மாதிரி வெளிக்காற்றையும் சுவாசிக்கும் நாட்டு மீன்களை யோசிக்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் வேண்டாம், அது தடை செய்யப்பட்டது.

எந்த வகை?

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. இவற்றை ஒப்பிட, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ ஆக்சிஜனைத் தண்ணீரில் கரைக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளாட் பாய்ட் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். சோதனைத் தொட்டியில் கிடைத்த சராசரியாக அவர் தரும் அளவுகளை இங்கே சொல்கிறேன்.

துடுப்புச் சக்கர ஏரேட்டர்: நாகை, மயிலாடுதுறைக் கடலோர இறால் பண்ணைகளில் சுற்றிக்கொண்டிருக்குமே, அதுதான். சராசரி 2.2 கிலோ. தண்ணீரைச் சிதறடிப்பதோடு குட்டையைச் சுற்றி ஓட்டமும் உண்டாக்கும். மூன்றடிக்கு மேல் தண்ணீர் நிற்கும் மண் குட்டைக்கு இதுதான் முதல் தேர்வு. கரைக்குப் பக்கத்தில் வைத்தால் மண்ணை அரிக்கும்.

காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்தும் விசிறி வகை: 1.6 கிலோ. சத்தம் குறைவு, நல்ல ஓட்டம் கிடைக்கும்.

ஃபவுண்டன், அதாவது மிதவையில் நின்று தண்ணீரை மேலே தூக்கி அடிக்கும் வகை: 1.4 கிலோ. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெல்லிய தாரையாகப் பத்தடி உயரம் அடிப்பது பார்க்க அழகு, ஆனால் மின்சாரம் தண்ணீரைத் தூக்கவே செலவாகிவிடும். தாழ்வாக, அகலமாக, குடை விரித்த மாதிரி கெட்டியாகத் தண்ணீர் விழுவதுதான் மீனுக்கு வேலை செய்யும். பண்ணைக்கு விருந்தினர் வருகிறார்கள், அழகும் வேண்டும் என்பவர்கள் தலைப்பை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதை வாங்குங்கள். பகலில் அழகுத் தலைப்பு, இரவில் அகலத் தலைப்பு. ஃபவுண்டன் மேல்தண்ணீரைத்தான் அதிகம் புரட்டும், ஓரங்களுக்கு அதன் ஓட்டம் போகாது.

புளோயரும் நானோ டியூபும்: கரையில் புளோயர், அடியில் குமிழி விடும் குழாய். சராசரி 0.9 கிலோ. நம் குட்டைகள் ஐந்தடி ஆழம்தான். அடியில் கிளம்பிய குமிழி ஆக்சிஜனை முழுசாக இறக்கிவிடுவதற்குள் மேலே வந்து உடைந்துவிடும். ஆழமான கிணற்றில் மீன் வளர்ப்பவர்களுக்கும் சிமெண்ட் தொட்டிக்காரர்களுக்கும் இது பொருந்தும். தண்ணீருக்குள் மின்சாரம் இல்லை என்பது இதன் பெரிய நன்மை. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையில் டியூபை அமுக்கி வைக்கக் கூரான கல்லைப் போடாதீர்கள்.

எவ்வளவு பெரியது?

இறால் பண்ணைகளில் சுமார் 500 கிலோ இறாலுக்கு ஒரு எச்.பி. என்று கணக்கு வைப்பார்கள். கடைக்காரர்கள் பழகியது அந்தக் கணக்கு. நமக்குத் தேவை விடியலுக்கு முந்தைய பள்ளத்தைத் தாண்டுவது மட்டுமே.

மேலே சொன்ன கிலோக் கணக்கு ஆக்சிஜனே இல்லாத சுத்தத் தண்ணீரில் எடுத்தது. ஏற்கெனவே 3 மில்லிகிராம் உள்ள நம் குட்டையில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. அப்படிப் பார்த்தால் ஒரு எச்.பி. துடுப்புச் சக்கரம் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தரும். 22 சென்ட் குட்டைக்கு அரை எச்.பி. போதும், ஒரு எச்.பி. தாராளம். இரண்டு எச்.பி.யை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், "எத்தனை கிலோ மீனுக்குச் சொல்றீங்க?" என்று கேளுங்கள்.

இப்போது பணக் கணக்கு. ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு சுமார் 0.9 யூனிட் இழுக்கும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி சொல்கிறபடி தினமும் இரவு 10 மணி நேரம், 365 நாளும் ஓட்டினால் 3,285 யூனிட், 26,280 ரூபாய். தேவைப்படும் 60 இரவுகள் மட்டும், இரவுக்கு 4 மணி நேரம் ஓட்டினால் 216 யூனிட், 1,728 ரூபாய். 350 கிலோ மீன் கிலோ 120 ரூபாய்க்குப் போனால் மொத்த வரவே 42,000 ரூபாய். இதில் குஞ்சு, தீவனம், பிடிக்கும் கூலி எல்லாம் கழிய வேண்டும். இயந்திரம் ஒன்றுதான், எந்த நேரம் ஓடுகிறது என்பதில்தான் லாபமும் நட்டமும்.

வாங்கும் முன் இன்னும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். உங்கள் ஊரில் இரவில் மும்முனை மின்சாரம் வருகிறதா? இல்லையென்றால் ஒருமுனை மோட்டார் வாங்க வேண்டும். இரண்டாவது, மீன் குட்டைக்கான மின்சாரம் எந்தக் கட்டண வகையில் வரும் என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப்செட் இணைப்பிலிருந்து கேட்காமல் இழுத்து, பிறகு அபராதம் கட்டும் நிலை வேண்டாம்.

பொருத்துவது

தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம். மீன் போனால் அடுத்த வருடம் வளர்த்துக்கொள்ளலாம், ஆள் போனால் வராது. அதனால் இதை மட்டும் செலவு பார்க்காமல் செய்யுங்கள்.

* தண்ணீருக்குள் ஒட்டுப் போட்ட வயர் கூடவே கூடாது. நீர்மூழ்கி மோட்டாருக்குப் போடும் முழுநீளக் கேபிள்தான்.
* 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தனி எர்த் குழியும் வேண்டும்.
* மும்முனை மோட்டாருக்கு ஒரு முனை போனால் தானே நிற்கும் பாதுகாப்பு உள்ள ஸ்டார்ட்டர் போடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் எரியும்.
* கேபிளைப் புல்லுக்குள் போடாதீர்கள். கம்பம் நட்டு உயர்த்துங்கள், அல்லது குழாய்க்குள் புதையுங்கள். எலிக்கும் மண்வெட்டிக்கும் அது தெரியாது.
* குட்டைக்குள் இறங்கும் முன் சுவிட்சை அணைத்தால் போதாது. மெயினை இறக்கி, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மிதவையை இரண்டு எதிர்க்கரைகளில் கம்பம் நட்டு நைலான் கயிற்றால் கட்டுங்கள். மழையில் தண்ணீர் ஏறும், கோடையில் இறங்கும். அதற்கேற்பக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். ஒரு கயிற்றை அவிழ்த்து மறு கயிற்றை இழுத்தால் இயந்திரம் கரைக்கு வந்துவிட வேண்டும். கரையிலிருந்து பத்துப் பதினைந்து அடியாவது தள்ளி, தண்ணீர் ஆழமாக உள்ள பக்கம் நிறுத்துங்கள். துடுப்பு நான்கு விரல் அளவு தண்ணீரில் அமிழ்ந்தால் சரி. அதிகம் அமிழ்ந்தால் மோட்டார் திணறும். சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மூன்று முனைகளில் இரண்டை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பழைய, சேறு கட்டிய ஆழமான குட்டையில் முதல் நாளே இரவு முழுக்க ஓட்டிவிடாதீர்கள். அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கறுத்துக் கிடக்கும் தண்ணீர் ஒரேயடியாக மேலே கலந்தால், காப்பாற்ற வாங்கியதே மீனைக் கொன்றுவிடும். முதல் நாள் பகலில் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓட்டும் நேரம்

சாதாரண நாளில் விடியற்காலை இரண்டு மணியிலிருந்து வெயில் வரும் வரை. ஒரு டைமர் வைத்தால் நாம் எழுந்திருக்க வேண்டியதில்லை. மூட்டமான நாள், அடைமழை, தண்ணீர் திடீரெனப் பச்சையிலிருந்து பழுப்பாக மாறிய நாள், இந்த இரவுகளில் பத்து மணிக்கே போட்டுவிடுங்கள். பச்சை திடீரென்று மாறினால் பாசி மொத்தமாகச் செத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த சில இரவுகள் மோசமாக இருக்கும்.

நல்ல வெயிலில், நடுப்பகலில் ஓட்டுவதில் பெரிய பயனில்லை. அந்த நேரம் பச்சைத் தண்ணீரில் ஆக்சிஜன் பிடிக்கும் அளவுக்கு மேலேயே இருக்கும். அப்போது தண்ணீரைச் சிதறடித்தால் உள்ளே இருப்பது காற்றுக்குத்தான் போகும்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை ஃபவுண்டனின் உறிஞ்சு வடிகட்டியைக் கழற்றி நூல்பாசியையும் பிளாஸ்டிக்கையும் எடுங்கள். துடுப்புச் சக்கரத்தில் சுற்றிய கொடி, கயிறு இருந்தால் நீக்குங்கள். மிதவையில் பிடிக்கும் பாசியையும் சுரண்டிவிட வேண்டும், எடை கூடினால் இயந்திரம் தாழும். புளோயரின் காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டித் தூசு நீக்குங்கள். நானோ டியூப் அடைத்தால் வெயிலில் காயவைத்துத் தேய்த்துக் கழுவலாம். உப்புப் படிந்திருந்தால் வினிகரில் ஊறவைக்கலாம். மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே ஏறிப் புளோயருக்குள் போகாதபடி, அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்து ஒருவழி வால்வும் போடுங்கள்.

கியர் பாக்ஸ் எண்ணெயைக் கையேட்டில் உள்ளபடி மாற்றுங்கள். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் சீல் போய்விட்டது. உடனே கரைக்கு இழுத்துவிடுங்கள், அந்தத் தண்ணீர்தான் நம் பயிருக்கும் போகிறது. எலக்ட்ரீஷியன் வரும்போதெல்லாம் ஆம்பியர் எவ்வளவு என்று அளக்கச் சொல்லி எழுதி வையுங்கள். போன தடவையைவிட ஏறியிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கும் அல்லது ஏதோ சிக்கியிருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே இது சொல்லிவிடும்.

கரண்டு போன இரவில்

எவ்வளவு நல்ல ஏரேட்டரும் மின்சாரம் இல்லாவிட்டால் மிதவைதான். டீசல் எஞ்சினோ பெட்ரோல் பம்போ ஒன்று தயாராக இருக்கட்டும். குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி, குழாய் முனையைப் பலகையில் மோதவிட்டு அகலமாகச் சிதறடித்துத் திரும்ப விழ வையுங்கள். அந்த வட்டத்துக்கு மீன்கள் தானாக வந்து சேரும். அவசரமாகப் போர்வெல் தண்ணீர் விடுவதானாலும் சிதறடித்தே விடுங்கள். அன்றைக்கும் மறுநாளும் தீவனம் கிடையாது.

எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஏரேட்டர் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். மூட்டம் ஐந்து குட்டைக்கும் ஒரே இரவில்தானே வரும்! அதற்குப் பதில் ஆக்சிஜன் மீட்டரைச் சேர்ந்து வாங்கினோம். அது ஐந்து வீட்டுக்கும் சுற்றுகிறது. ஏரேட்டரை அவரவர் தேவைக்கு அவரவர் வைத்துக்கொள்கிறோம்.

மீனை இழந்த நண்பரும் இப்போது இந்தக் குழுவில் இருக்கிறார். ஃபவுண்டனைத் தூக்கி எறியவில்லை. மோட்டாரை இரவு மின்சாரத்தில் ஓடும் மோட்டாராக மாற்றி, உயரத் தலைப்பைக் கழற்றி, அகலத் தலைப்பு மாட்டி, டைமர் வைத்திருக்கிறார். குஞ்சையும் பாதியாகக் குறைத்துவிட்டார். நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டி கட்டி வருகிறார். இந்த வருட மீன் அதை மீட்கும் என்று நம்புகிறோம்.

வங்கியில் ஒருவருக்குக் கடன் கொடுக்கும் முன் அவருடைய கணக்கின் வரவு செலவைப் பார்ப்போம். குட்டைக்கும் அதைச் செய்யுங்கள். கடைக்குப் போகும் முன் 15 நாள், சாயங்காலமும் விடியலும் அளந்து நோட்டில் எழுதுங்கள். விடியலில் ஒரு நாளும் 4-க்குக் கீழே போகவில்லையா? பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சாணத்தை மட்டும் அளந்து போடுங்கள். அடிக்கடி 3-ஐத் தொடுகிறதா? முதலில் தீவனத்தையும் மீனையும் குறைத்து இன்னொரு 15 நாள் பாருங்கள். அப்போதும் தொட்டால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.